தாத்தாவின் தலைப்பெழுத்து

தமிழர் பெயரின் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிக்கும். தில்லியில் வளரும் பிள்ளைகள் பலர் தாத்தாவின் தலைப்பெழுத்தை அறிவர். அவ்வெழுத்துக்குரிய பூட்டனாரின் பெயரை அறியார். அதனைக் கண்டறிய இறப்புப் பதிவேடு துணைபுரியும்.

1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, இறப்பு நிகழ்ந்த ஊரிலேயே அது பதியப்படுகிறது. இறந்தவரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, நாள், இடம் ஆகியன அதில் இடம்பெறும். ஆகவே, தஞ்சையில் பிறந்து தில்லியில் மறைந்தவரின் பதிவைத் தில்லியிலேயே தேடவேண்டும். எவரும் கட்டணம் செலுத்திப் படி பெறலாம். இறப்பின் காரணம் மட்டும் அதில் தரப்படாது.

தேடுவதற்கு ஊரும் ஆண்டும் தேவை. அவற்றை அறிந்தோர் வீட்டு முதியோரே. அவர்தம் நினைவு மங்குமுன் கேட்டு எழுதிவைத்தல் நன்று.

பயிற்சி: உம் தாத்தாவின் தலைப்பெழுத்து யாருடைய பெயரைக் குறிக்கிறது? வினவி எழுதுக.