எந்தக் கிழமை?

அன்புள்ள மீனாவுக்கு, ஆரணியிலிருந்து பெரியப்பா எழுதுவது.

மான்செஸ்டரில் வகுப்புத் தோழர்களோடு பேச்சு வணக்கத்தோடு நின்றுவிடுகிறது, எனக்குப் பழகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். பழகும் சாமர்த்தியத்துக்கும் நட்புக்கும் நீ நினைக்கிற அளவு சம்பந்தமில்லை. ஏதோ ஒரு தேவைக்காக ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்குத்தான் சிநேகிதம் அமைகிறது. நம் தெருவில் விடியற்காலையில் தறிக்குப் பாவு நீட்டினால் நாலு வீட்டார் வந்து கைகொடுக்கிறார்களே, அவர்கள் எல்லாரும் பேச்சில் கெட்டிக்காரர்களா என்ன?

1888-இல் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போன காந்தியை எடுத்துக்கொள். தங்கிய வீட்டுச் சைவச் சாப்பாடு உப்புச்சப்பில்லாதது. அரைவயிற்றோடு அலைந்து ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். அந்த வழியில்தான் சைவ உணவுச் சங்கம், அதன் நிர்வாகக் குழு, பேஸ்வாட்டரில் அவரே தொடங்கிய கிளப், ஜோசையா ஓல்ட்ஃபீல்ட் என்ற நண்பர் எல்லாம் வந்து சேர்ந்தன. கூச்சமோ விட்டபாடில்லை. குழுக் கூட்டத்தில் தம் கருத்தை எழுதிக்கொடுத்து, இன்னொருவரை வாசிக்கச் சொன்னவர் அவர்.

அதே சைவச் சாப்பாடு கணித மேதை ராமானுஜனை அறைக்குள் உட்கார வைத்துவிட்டது. கும்பகோணத்துத் துணிக்கடைக் கணக்கரின் மகன். 1914-இல் கேம்பிரிட்ஜ் போனவர். கல்லூரி உணவுக் கூடத்துக்குப் போகாமல் தாமே சமைத்துக்கொண்டார். அந்த ஊரில் பழக்கம் உண்டாவதே அந்த மேசைகளில்தான். குளிரில் ஓவர்கோட்டும் சால்வையுமாகக் கட்டிலின் மேலேயே படுத்திருந்திருக்கிறார். மெத்தையோடு செருகியிருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்குக் காட்டியவர் அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காளி மாணவர் மஹலனோபிஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு சேர்ந்து நடக்கப் போனவர். ஆசாரமும், அந்த ஆண்டே மூண்ட முதல் உலகப் போரும், பிறகு வந்த நோயும் ராமானுஜனை நெருக்கின. அவரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனாலும், கம்பளி விஷயம் போன்ற சின்ன சங்கதியைக்கூட வாரந்தோறும் கூட வருகிறவரிடம்தான் கேட்க முடியும்.

கூடத் தங்கியிருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் போதாதா என்பாய். அவர்களை விட்டுவிடாதே, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பது அவர்கள்தான். ஆனால் அந்த ஊரைப் பற்றி உனக்குத் தெரியாதது பெரும்பாலும் அவர்களுக்கும் தெரியாது.

நேரமில்லை என்பது நியாயமான காரணம். ஓராண்டுப் படிப்பு, அதோடு வாரம் 20 மணி நேர வேலை. அதனால்தான் பத்து இடத்துக்கு ஓடாதே என்கிறேன், ஒன்று போதும். உன் பல்கலைக்கழகத்தின் விட்வொர்த் கலைக்கூடத்தில் பெரிய துணிச் சேகரிப்பு இருக்கிறது. அந்தப் பக்கம் நெசவோ தையலோ செய்யும் குழு கூடுகிறதா என்று விசாரி. தறியில் சேலைக் கரையை உடலோடு பிணைத்துக் கோர்வை போடுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள் நீ. அங்கே அது பலருக்குப் புதிது. முதல் சில வாரம் யாரும் கண்டுகொள்ளாமல் போகலாம், அதற்காக நிறுத்திவிடாதே. எந்தக் கிழமை போகப்போகிறாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
பெரியப்பா