வைன்

விண்டோஸுக்கென ஆக்கப்பெற்ற மென்பொருள் லினக்ஸில் இயங்காமைக்குக் காரணம் யாது? இரண்டும் ஒரே கணினியில் இயங்குவனவேயாயினும், கோப்பைத் திறத்தற்கும் திரையில் எழுத்திடுதற்கும் மென்பொருள் தன் இயங்குதளத்தையே வேண்டி நிற்கும். அவ்வேண்டுகோள் பிறிதொரு தளத்திற்கு விளங்காது.

இக்குறை நீக்க 1993-இல் எழுந்ததே வைன். (பெயர் கண்டு விடுதிக் காப்பாளர் அஞ்சற்க!) அது விண்டோஸ் கணினியைப் போன்றதொரு போலிக் கணினியை அமைப்பதன்று, விண்டோஸை நோக்கிய வேண்டுகோள்களைத் தான் ஏற்று, லினக்ஸைக் கொண்டு முடித்துத் தருவது.

இது மொழிபெயர்ப்புத்தானே, எளிதன்றோ எனின், அன்று. விண்டோஸின் மூலநிரல் வெளியிடப்படாமையின் அதன் இயல்பைப் புறத்தே நின்றே ஆராய்ந்தறிதல் வேண்டும். அன்றியும், அதன் பிழைகளையுங்கூடப் பின்பற்றல் வேண்டும். அப்பிழைகளைச் சார்ந்தே எழுதப்பெற்ற மென்பொருள்களும் உளவாகலின். மூலத்தின் வழுவையும் வழுவாது பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளனை யாம் இலக்கியத்துள் கண்டிலேம். 1.0 என்னும் பதிப்பு வெளிவர 2008 வரை 15 ஆண்டு சென்றதில் வியப்பென்னை?

ஆக்கியோர் கைவிட்ட பழைய மென்பொருளிலன்றித் திறவாத கோப்புக்கள் பல. அவற்றுள் ஒருவர் வாழ்நாளெல்லாம் எழுதியனவும் அடைபட்டுக் கிடத்தல் கூடும். 16 பிட் காலத்து விண்டோஸ் மென்பொருளை இன்றைய 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை; 64 பிட் லினக்ஸிலிருந்து வைனோ அதனை இயக்குகின்றது.