சரக்கு ஒரு நிறம், படம் ஒரு நிறமா?



சேலத்தில் நண்பர் ஒருவரின் ஜவுளிக் கடையில் தீபாவளிக்கு வண்ண நோட்டீசு அடித்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் பளிச்சென்று இருந்த ராணி பிங்க் இளம்பிள்ளைச் சேலை, அச்சில் மங்கிப்போய் வந்தது. நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த அம்மாள், "இது வேறே சேலை" என்று எழுந்து போய்விட்டார். வியாபாரம் கெட்டது, அச்சுக்கூலியும் வீண். சரக்கில் குறையில்லை, அச்சகத்தாரிடமும் குறையில்லை. பின் எங்கே குறை?

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கலந்து எல்லா நிறமும் வரும். இதுவே ஆர்.ஜி.பி. அச்சகமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் அடிக்கிறது. இது சி.எம்.ஒய்.கே. ராணி பிங்க், கிளிப்பச்சை போன்ற மின்னும் நிறங்களை இந்த நான்கு மைகளால் முழுமையாகக் கொண்டுவர முடியாது.

ஆர்.ஜி.பி.யிலும் வகை உண்டு. 1996-ல் ஹெச்.பி., மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் முன்வைத்து, 1999-ல் சர்வதேசத் தரமானது எஸ்.ஆர்.ஜி.பி. 1998-ல் வந்த அடோப் ஆர்.ஜி.பி. இதைவிடப் பரந்தது, குறிப்பாகப் பச்சை, நீலப்பச்சை நிறங்களை அதிகம் கொள்ளும். பெரியது நல்லது என்று எண்ணி அதில் எடுத்த படத்தை, நிறக்குறிப்பைப் படிக்காத மென்பொருளில் திறந்தால் வெளிறித் தெரியும்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கலாம்:

1. வெயில் நேரடியாகப் படாத பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து, அதைக் கொண்டு கேமராவின் வெண்மை அளவைச் சரிசெய்யுங்கள். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசும் கில்ட்டு நகைபோல் தெரியும்.

2. வாட்ஸ்அப், இணையக் கடை, ஸ்டுடியோ பிரிண்ட் ஆகியவற்றுக்கு எஸ்.ஆர்.ஜி.பி.யே போதும். நிறக்குறிப்பை நீக்காமல் சேமியுங்கள்.

3. நோட்டீசு, காலண்டர், அட்டைப்பெட்டி ஆகியவற்றுக்கு, எந்த சி.எம்.ஒய்.கே. அமைப்பு வேண்டும் என்று அச்சகத்தாரை முதலில் கேளுங்கள். திருத்தமெல்லாம் முடிந்தபின் கடைசியில் மாற்றுங்கள். மாற்றும்போது இழந்த நிறம் திரும்பி வராது. ஆகவே மூலப்படத்தைத் தனியே வைத்திருங்கள்.

4. ஆர்ட் பேப்பரில் எடுப்பாக வரும் நிறம் மேப்லித்தோவில் அடங்கிவிடும். ஆகவே அடிக்கப்போகும் தாளிலேயே மாதிரி கேளுங்கள். சரக்கைப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டபிறகே கையெழுத்திடுங்கள்.

இவ்வளவு செய்தும் அச்சில் வராத நிறத்துக்கு, "சேலையின் நிறம் படத்தைவிடப் பளிச்சென்று இருக்கும்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

தராசில் நாம் காட்டும் நாணயத்தைப் படத்திலும் காட்டுவோம். வாடிக்கையாளர் மறுபடியும் நம் கடைப் படியேறுவார்.