புள்ளி மறைந்தால் நோய் போனதாகாது

மீனின் உடலிலும் துடுப்பிலும் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கல்லில் போய் உடம்பை உரசுகிறது. இது வெண்புள்ளி நோய். காரணம், இக்தியோஃப்திரியஸ் என்னும் ஒரு செல் ஒட்டுண்ணி. புள்ளியாகத் தெரியும்போது அது மீனின் மேல்தோலுக்கு அடியில் இருக்கிறது. மருந்து அங்கே எட்டாது. கொழுத்ததும் உதிர்ந்து, தரையில் ஒட்டி, உறைகட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். நீந்தும் அந்தக் குஞ்சுகளுக்கு இரண்டொரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் சாவுதான். மருந்து கொல்வதும் அவற்றைத்தான். ஆகவே சிகிச்சையில் மருந்தின் பெயரைவிட நாள்கணக்கே முக்கியம்.

முதலில், நோயுற்ற மீனை மட்டும் பிரிக்காமல் தொட்டி முழுவதற்கும் வைத்தியம் பாருங்கள். குஞ்சுகள் தண்ணீரில் இருக்கின்றன. அடுத்து, வெப்பமண்டல மீன்களானால் ஹீட்டரால் சூட்டை மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றுங்கள். 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடியும் சுழற்சி, 10 டிகிரியில் ஒரு மாதத்தையும் தாண்டும்; 30-ஐ நெருங்கினால் பெரும்பாலும் பெருக்கமே தடைபடும். சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் நிற்கக் கூடாது. பிறகு லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பைக் கரைத்து, ஒரே மூச்சில் ஊற்றாமல் ஒரு நாளில் சிறிது சிறிதாகச் சேருங்கள். செதிலற்ற மீன்களும் செடிகளும் உப்பைத் தாங்குகின்றனவா என்று கவனியுங்கள். கடையில் வாங்கிய மருந்தானால் ஃபில்டரிலுள்ள கார்பனை எடுத்துவிடுங்கள். அது மருந்தை உறிஞ்சிவிடும். தினமும் அடிக்கல்லைக் குழாய் வைத்து உறிஞ்சினால் உறைகளும் வெளியேறும்.

இரண்டே நாளில் புள்ளி போய்விட்டதே, இன்னும் எதற்கு என்று கேட்கலாம். போனது ஒட்டுண்ணியல்ல, அது இடம் மாறிப் பெருகிக்கொண்டிருக்கிறது. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது தொடருங்கள். மருந்தில்லாமலேயே தேறும் மீன்களும் உண்டே என்றால், உண்மைதான். தேறிய மீனுக்கு எதிர்ப்பாற்றல் வரும். ஆனால் அது ஒட்டுண்ணியைச் சுமந்தபடியே இருக்கக்கூடும். அடுத்து வரும் புது மீன்தான் மாட்டிக்கொள்ளும். புது மீனை மூன்று, நான்கு வாரம் தனித்தொட்டியில் வைப்பது அதனால்தான்.

கடல்மீனில் இதே புள்ளியை உண்டாக்குவது கிரிப்டோகேரியான் என்னும் வேறு உயிரி. அங்கே மீனை 3 நாளுக்கொரு முறை, நான்கு தடவை, சுத்தமான புதுத் தொட்டிக்கு மாற்றுவார்கள். உறைகள் வெடிக்குமுன் மீன் இடம் மாறிவிடுவதால் ஒரு சொட்டு மருந்தும் தேவைப்படுவதில்லை. பழைய தொட்டியில் மட்டும் பல வாரம் மீனே இருக்கக் கூடாது. குணப்படுத்துவது நாள்கணக்குதான் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.