ஷேக்ஸ்பியரைச் சுமந்த நாடோடி: நடிகர் ஜெஃப்ரி கெண்டல்

தாதரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு 'வாலா' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தால் தூத்வாலா, பிறகு பேப்பர்வாலா, பத்து பதினொரு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் டப்பாவாலா. ஒரு சரக்கைச் சுமந்து வேண்டியவர் வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பவர் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களை அப்படிச் சுமந்துகொண்டு இந்தியா முழுவதும் ஊர் ஊராகப் போன ஆங்கிலேய நடிகர் ஒருவர் இருந்தார். பெயர் ஜெஃப்ரி கெண்டல். ஜுஹூவில் உள்ள பிருத்வி தியேட்டருக்கும் அவருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. பள்ளியில் ஷேக்ஸ்பியரைப் பாடமாகப் படிக்கும் பிள்ளைகளும், பிருத்வியின் பெயரை மட்டும் கேள்விப்பட்டிருக்கும் பெற்றோரும் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கெண்டல் என்பது குடும்பப் பெயர் அல்ல. வட இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். 1909 செப்டம்பர் 7ஆம் தேதி அங்கே பிறந்தவர், மேடைக்கு வந்தபோது பிராக் என்ற தம் குடும்பப் பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டார். பம்மல் சம்பந்த முதலியார், சீர்காழி கோவிந்தராஜன் என்று ஊரோடு சேர்த்தே கலைஞர்களைச் சொல்லும் நமக்கு இது புதிதல்ல. ஆனால் ஊரைப் பெயரில் வைத்துக்கொண்டவர் அந்த ஊரில் தங்கவில்லை.

அக்காலத்து இங்கிலாந்தில் சிற்றூர்களைச் சுற்றிவரும் நாடகக் கம்பெனிகள் இருந்தன. அவற்றில் நடிகரே முதலாளி. லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் அவர் தலையில்தான். கெண்டல் அந்த மரபில் வந்தவர். மனைவி லாரா லிடல் அம்மையாரும் நடிகை. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்கு நாடகம் போடும் குழுவோடு 1944இல் கெண்டல் இந்தியா வந்தார். நாடு அவரைப் பிடித்துக்கொண்டது. 1947இல் 'ஷேக்ஸ்பியரானா' என்ற சொந்தக் கம்பெனியோடு திரும்பி வந்தார். ஆங்கிலேயர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறிய அதே ஆண்டில், இவர் மூட்டையோடு வந்து இறங்கினார்! அடுத்த ஆண்டு ஊர் திரும்பி, 1953இல் மறுபடியும் வந்தார்.

1953 ஜூன் முதல் 1956 டிசம்பர் வரை இந்தக் கம்பெனி 879 முறை மேடை ஏறியது. ஷேக்ஸ்பியரோடு ஷெரிடன், ஷா நாடகங்களும் உண்டு. கணக்குப் பார்க்கும் பழக்கம் என்னை விடவில்லை. ஏறத்தாழ 1,310 நாட்கள். அதாவது மூன்று நாளில் இரண்டு நாள் நாடகம். மூன்றாவது நாள் ஓய்வு என்று நினைக்க வேண்டாம், அது பிரயாண நாள்.

அந்தப் பிரயாணம் எப்படிப்பட்டது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது நம் நாட்டு ரயில் பாதை எல்லா இடத்திலும் ஒரே அகலம் இல்லை. அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர், மீட்டர் பாதை 1,000, மலைப்பாதை சில இடங்களில் 762. பாதை மாறும் இடத்தில் வண்டி மாற வேண்டும். சாமான் அத்தனையும் இறக்கி ஏற்ற வேண்டும். கல்காவில் இறக்கிச் சிறிய பெட்டிகளில் ஏற்றினால்தான் சிம்லா போகும். சென்னை சென்ட்ரலில் வந்து இறங்கும் கம்பெனி மதுரைக்குப் போக வேண்டுமானால், எல்லாவற்றையும் வண்டியில் போட்டு எழும்பூருக்குக் கொண்டுபோக வேண்டும். திரைச்சீலை, உடைப் பெட்டி, வாள், கிரீடம் இவற்றில் ஒன்று தவறினாலும் அன்றைய ராஜா வெறுந்தலையோடு நிற்க வேண்டியதுதான். ரயில்வேயில் காலம் கழித்தவன் என்பதால் அந்த 879 என்ற எண்ணில் எனக்கு நடிப்பைக் காட்டிலும் முதலில் தெரிவது சுமைதான்.

நம் தமிழ்நாட்டிலும் இதே வாழ்க்கை வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில், ஆறு வயதுச் சிறுவனாகச் சேர்ந்தவர் டி.கே. சண்முகம். பிறகு சகோதரர்களோடு சொந்தக் கம்பெனி நடத்தி, ஔவையார் வேடத்தால் ஔவை சண்முகம் என்றே பெயர் பெற்றார். எம்.ஜி.ஆர்., சிவாஜி, என்.எஸ். கிருஷ்ணன் எல்லோரும் இத்தகைய கம்பெனிகளில் வளர்ந்தவர்களே. கெண்டல் வீட்டிலும் பிள்ளைகளுக்கு மேடைதான் பள்ளிக்கூடம். இளைய மகள் ஃபெலிசிட்டி ஒன்பது மாதக் குழந்தையாக மேடை ஏறியவர். மூத்த மகள் ஜெனிஃபர் கம்பெனியின் முக்கிய நடிகை.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்றும், வெனிஸ் வணிகனை 'வாணிபுர வணிகன்' என்றும் தமிழாக்கினார். ஆங்கிலம் அறியாத ரசிகரும் ஷேக்ஸ்பியரை அனுபவித்தார். கெண்டல் ஆங்கிலத்திலேயே நடித்தார். ஆகவே அவருடைய ரசிகர்கள் பள்ளி மாணவர்கள், கல்லூரிக்காரர்கள், சமஸ்தான மன்னர்கள் என்று ஒரு வட்டத்துக்குள்தான் இருந்தார்கள். இது குறைதான், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பரீட்சைக்காக நெட்டுருப் போட்ட பாடத்தில் இரத்தமும் கண்ணீரும் இருப்பதைப் பள்ளி ஹாலில் உட்கார்ந்து முதன்முறையாகக் கண்ட மாணவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

அப்படி ஒரு மாணவர் கல்கத்தாவில் இருந்தார், உத்பல் தத். கல்லூரியில் ஷேக்ஸ்பியர் நாடகம் நடித்துக்கொண்டிருந்தவரை 1947இல் கெண்டல் தம் கம்பெனியில் சேர்த்துக்கொண்டார். தத் அங்கே கற்ற தொழிலை வங்காள மேடைக்குக் கொண்டுபோனார். 1965இல் அவர் போட்ட 'கல்லோல்' 1946ஆம் ஆண்டு நம் பம்பாய்த் துறைமுகத்தில் நடந்த கடற்படைக் கிளர்ச்சியைப் பற்றியது. அந்த ஆண்டே அவர் சிறைக்கும் போனார். 'கோல்மால்' இந்திப் படத்தில் மீசைப் பைத்தியமாக வரும் முதலாளி என்றால் எல்லோருக்கும் நினைவு வரும். ஷேக்ஸ்பியர் எங்கே, மீசை எங்கே! ஆனால் அந்தச் சிரிப்பிலும் கால அளவு பிசகாததைக் கவனித்துப் பாருங்கள்.

இரண்டாவது சீடர் மாப்பிள்ளையாகிவிட்டார். பிருத்விராஜ் கபூர் 1944இல் தொடங்கிய பிருத்வி தியேட்டர்ஸும் ஊர் சுற்றும் கம்பெனிதான். 16 ஆண்டுகளில் 2,600க்கு மேற்பட்ட முறை மேடை ஏறியது. 1956இல் அது கல்கத்தாவில் இருந்தபோது, அவருடைய இளைய மகன் சசி கபூர் ஜெனிஃபரைச் சந்தித்தார். சசிக்கு வயது 18. கெண்டலுக்கு இதில் உடன்பாடில்லை. மகளைப் பிரிவதோடு கம்பெனியின் முக்கிய நடிகையையும் அல்லவா இழக்க வேண்டும்? ஆயினும் 1958இல் திருமணம் நடந்தது. சசியும் ஷேக்ஸ்பியரானாவில் நடித்தவர்தான்.

1965இல் வெளிவந்தது 'ஷேக்ஸ்பியர் வாலா' என்ற ஆங்கிலப் படம். இயக்கியவர் ஜேம்ஸ் ஐவரி, தயாரித்தவர் நம் பம்பாய்க்காரரான இஸ்மாயில் மெர்ச்சன்ட், இசை சத்யஜித் ராய். கதை கெண்டல் குடும்பத்தின் கதையைத் தழுவியது. கெண்டலே கம்பெனி முதலாளியாகவும், லாரா அம்மையார் அவர் மனைவியாகவும், ஃபெலிசிட்டி மகளாகவும் நடித்தார்கள். சசி கபூரும், மகாராஜா வேடத்தில் உத்பல் தத்தும் உண்டு. ஒரு காட்சியை மறக்க முடியாது. மேடையில் ஒதெல்லோ நடந்துகொண்டிருக்கிறது. பாதியில் மஞ்சுளா என்ற இந்தி சினிமா நட்சத்திரம் உள்ளே வருகிறாள். (நம் தமிழ் நடிகை மஞ்சுளா அல்ல, கதாபாத்திரத்தின் பெயர்.) சபையின் தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பிவிடுகின்றன. மேடையில் நிற்பவரை யாரும் பார்க்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அந்த நட்சத்திரமாக நடித்த மதுர் ஜாஃப்ரிக்கு அவ்வாண்டு பெர்லின் விழாவில் சிறந்த நடிகை பரிசு கிடைத்தது! தம் தொழில் தோற்பதைத் தாமே நடித்துக்காட்டிய கெண்டலுக்கு எந்தப் பரிசும் இல்லை.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கெண்டலைத் தோற்றவர் என்றே நினைப்பார்கள். சினிமா வந்தது, நாடகம் போனது, கிழவர் தனியாக நின்றார் என்று. நான் அப்படி நினைக்கவில்லை. அதற்குக் காரணம் ஜுஹூவில் இருக்கிறது. பிருத்விராஜ் 1962இல் குத்தகைக்கு எடுத்த இடத்தில் அவர் காலத்தில் அரங்கம் எழவில்லை, 1972இல் காலமானார். அந்த இடத்தில் சசியும் ஜெனிஃபரும் கட்டிய பிருத்வி தியேட்டர் 1978 நவம்பர் 5ஆம் தேதி திறக்கப்பட்டது. ஏறத்தாழ 200 இருக்கைகள்தாம். மூன்று பக்கமும் சபை, நடுவே மேடை. நடிகரின் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். சினிமாவில் சம்பாதித்த பணம் நாடகத்துக்கு வீடு கட்டியது என்பதை அந்த மஞ்சுளா காட்சியோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். முதல் நாடகம் ஆங்கிலமும் அல்ல, ஷேக்ஸ்பியரும் அல்ல. மராத்தி எழுத்தாளர் கோ.பு. தேஷ்பாண்டே எழுதிய 'உத்வஸ்த தர்மசாலா'. ஊர் ஊராக ஹால் தேடி அலைந்தவரின் மகள், மற்றவர்கள் அலையாமல் இருக்க ஓர் இடம் ஏற்படுத்தி, அதைத் தாமே கவனித்துக்கொண்டார்.

ஜெனிஃபரின் சிறந்த படம் அபர்ணா சென் இயக்கிய '36 சௌரங்கி லேன்', 1981. கல்கத்தாவில் ஷேக்ஸ்பியர் கற்பிக்கும் ஆங்கிலோ இந்திய ஆசிரியை வேடம். முதியோர் இல்லத்தில் இருக்கும் அவளுடைய அண்ணனாக நடித்தவர் கெண்டல். தந்தையும் மகளும் அண்ணன் தங்கையாக நடிக்கும் அந்தச் சில நிமிடங்களில் எத்தனை ஆண்டு மேடைப் பழக்கம் இருக்கிறது! மூன்று ஆண்டுகளில், 1984இல், ஜெனிஃபர் லண்டனில் புற்றுநோயால் இறந்தார். அன்று செப்டம்பர் 7, தந்தையின் 75ஆவது பிறந்தநாள்.

1986இல் கெண்டல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். படத்தின் பெயரையே நூலுக்கும் வைத்தார். லாரா அம்மையார் 1992இலும், கெண்டல் 1998 மே மாதத்திலும் லண்டனில் மறைந்தார்கள். இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் பெரும் புகழ் பெற்ற ஃபெலிசிட்டியும் தம் இந்தியப் பருவத்தை ஒரு நூலாக எழுதியிருக்கிறார்.

பரீட்சைக்கு ஷேக்ஸ்பியர் படிக்கும் பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிருத்விக்கு அழைத்துப் போங்கள். தமிழ் நாடகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தாதரில் மேற்கு ரயில்வே ஸ்லோ லோக்கல் பிடித்தால் ஆறாவது ஸ்டேஷன் விலே பார்லே, அங்கிருந்து ஆட்டோ. ஆனால் நேரத்தோடு போய்ச் சேருங்கள். நாடகம் தொடங்கிவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். மஞ்சுளாவே வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.