பேட்ரிக் ஒயிட்டும் அவர் நாடும்

ஆஸ்திரேலியா என்றதும் ஆட்டு மந்தையும் கிரிக்கெட்டும்தாம் நம் மாணவர் நினைவுக்கு வரும். அந்நாட்டு நாவலாசிரியர் பேட்ரிக் ஒயிட் 1973-இல் நோபெல் பரிசு பெற்றவர் என்பதைப் பலர் அறியார்.

1912-இல் இலண்டனில் பிறந்து சிட்னியில் வளர்ந்தவர் அவர். கேம்பிரிட்ஜில் பிரெஞ்சும் ஜெர்மனும் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் பணியாற்றினார். அதன்பின் இங்கிலாந்திலேயே தங்கியிருக்கலாம். ஆயினும் தாயகம் திரும்பி, சிட்னியை அடுத்த காசில் ஹில்லில் பூவும் காய்கறியும் பாலும் விற்றுக்கொண்டே எழுதினார்.

1955-இல் வெளிவந்தது 'தி ட்ரீ ஆஃப் மேன்'. ஒரு குடியானவனும் மனைவியும் காடு திருத்தி, வாழ்ந்து, முதிரும் கதை, அவ்வளவே. அயல்நாட்டார் போற்றினர். உள்நாட்டிலோ, கவிஞர் ஏ. டி. ஹோப் அதன் நடையைச் சேறு என்றே எழுதிவிட்டார்! ஒயிட் தம் வழியை விடவில்லை. 1848-இல் உட்பாலைக்குப் புறப்பட்டு மறைந்துபோன லைக்கார்ட் என்னும் ஜெர்மானியரை மனத்திற்கொண்டு 'வாஸ்' எழுதினார். அது 1957-ஆம் ஆண்டுக்குரிய முதல் மைல்ஸ் பிராங்க்ளின் பரிசைப் பெற்றது. நடை கடினம்தான், முதல் ஐம்பது பக்கங்கள் எனக்கும் அலுப்பூட்டின. பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை.

நோபெல் பரிசை வாங்க அவர் ஸ்டாக்ஹோம் செல்லவில்லை. ஓவியர் சிட்னி நோலன் பெற்றுவந்தார். அப்பணத்தைக் கொண்டு, நெடுங்காலம் எழுதியும் உரிய மதிப்புப் பெறாத எழுத்தாளர்க்கென ஒரு பரிசு நிறுவினார். 1974-இல் அதை முதலில் பெற்றவர் கிறிஸ்டினா ஸ்டெட்.