முருங்கையைக் கத்தரிக்கும் காலம்

வேலியோரத்தில் நிற்கும் முருங்கை, கமக்காரரின் கறிக்கும் கைச்செலவுக்கும் உதவும் மரமாகும். எனினும் பல வளவுகளில் அது நெடிதுயர்ந்து, உச்சியில் மட்டும் காய்த்து, கொக்கத்தடிக்கும் எட்டாமல் நிற்கக் காணலாம். சில மரங்கள் கத்தரிக்கப்பட்டும் அவ்வாண்டு பூப்பதில்லை. குறை மரத்தில் அன்று. கத்தரித்த காலத்திலேயே உள்ளது.

காலம்

முருங்கை புதிய கிளைகளிலேயே பூக்கும். வெட்டிய மரம் தழைத்துப் பூப்பதற்கு 4 முதல் 5 மாதம் வரை செல்லும். பூக்கும் வேளையில் பெருமழை பெய்தால் பூக்கள் உதிரும். மகரந்தத்தைப் பரப்பும் வண்டுகளும் வாரா. ஆகவே மாரி மழை தளிருக்கும், அதன் பின் வரும் வெயில் பூவுக்கும் கிடைக்குமாறு காலத்தைக் கணித்தல் வேண்டும்.

வடபகுதிக்கு ஆவணி மாதம் ஏற்றது. அப்போது வெட்டிய மரம் ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைத்து, தை, மாசியில் பூக்கும். பூத்து ஏறக்குறைய இரண்டு மாதத்திற் காய் பறிக்கலாம்.

ஆவணியில் உழவும் விதைப்பும் முன்னிற்பதால் முருங்கை மறக்கப்படுவதுண்டு. ஓய்வு கிடைத்ததென்று மார்கழிக் கடைசியில் வெட்டுவோர், பூக்கவிருந்த கிளைகளையே வெட்டி வீழ்த்துகின்றனர். புதுக்கிளைகள் பூக்கும்போது வறட்சியும் சோழகக் காற்றும் வந்துவிடும். ஓராண்டின் பலன் இவ்வாறு வீணாகின்றது.

முறை

1. இளங்கன்று இரண்டரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளுக. பக்கக் கிளைகள் பெருகும்.

2. காய்த்து ஓய்ந்த மரத்தை நிலத்திலிருந்து 3 அடி உயரத்தில் வெட்டுக. அடி பருத்த முதுமரமாயின், கிளைகளை மட்டும் ஓரடி விட்டு வெட்டுதல் நன்று.

3. முருங்கை எளிதில் முறியும். பட்டை கிழியாதிருக்க, முதலிற் கிளையின் கீழ்ப்புறம் சிறிது அறுத்து, பின் மேலிருந்து அறுக்க. மழைநீர் தங்காதவாறு வெட்டுவாய் சரிவாயிருத்தல் வேண்டும்.

4. தளிர்த்தபின், நாற்புறமும் பரந்த 4 அல்லது 5 வலிய கிளைகளை விட்டு, ஏனையவற்றை நீக்குக.

5. மழை தொடங்குமுன் அடியைச் சுற்றிக் கூட்டெரு இடுக. அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகும்.

6. மாரியில் மயிர்க்கொட்டிகள் பகலில் அடிமரத்தில் திரளும். அவற்றைப் பந்தத்தாற் பொசுக்குக, கையாற் தொடலாகாது.

வெட்டிய தடிகளில் 3 முதல் 5 அடி நீளமானவற்றை மழைத் தொடக்கத்தில் நட்டால் புதுமரமாகும். தழை ஆட்டுக்கு உணவாகும்.

ஆவணியில் ஒரு முற்பகலை இதற்கு ஒதுக்கும் கமக்காரர், பங்குனியில் கைக்கெட்டும் உயரத்திற் காய் பறிப்பர்.